ஐரிஷ் எல்பி, ராயபுரத்துக் கரண்ட்: பிளாங்க்ஸ்டி தட்டைக் கெடுக்காமல் கம்ப்யூட்டரில் ஏற்ற

பிளாங்க்ஸ்டி என்ற ஐரிஷ் நாட்டுப்புற இசைக் குழுவின் முதல் ஆல்பம் 1972இல் லண்டனில் பதிவாகி, 1973இல் பாலிடார் கம்பெனி வெளியீடாக வந்தது. தயாரிப்பாளர் ஃபில் கோல்ட்டர். கிறிஸ்டி மூர், டோனல் லனி, ஆண்டி இர்வின், லியம் ஓஃப்ளின் என நாலே பேர். அட்டை பெரும்பாலும் கறுப்பு என்பதால் ரசிகர்கள் வாயில் அது ‘பிளாக் ஆல்பம்’. அதன் எல்பி ஒன்று மூர் மார்க்கெட் கடைகளிலோ, பெரம்பூர் பக்கம் வீடு காலி செய்யும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடமோ கையில் சிக்கினால், அதைப் பழுதில்லாமல் கம்ப்யூட்டரில் ஏற்றும் வழி இது. குழாயும் தோலும் தந்தியும் கலந்த எந்த ஐரிஷ் கூட்டத்தின் தட்டுக்கும் இதே முறைதான்.

சினிமாப் பாட்டு எல்பியை ஏற்றும் வழக்கமான செட்டிங்கை இதற்கு வைக்கக் கூடாது. ஓஃப்ளின் வாசிப்பது இல்லன் பைப்ஸ். வாயால் ஊதுவதில்லை, முழங்கைக்கு அடியில் ஒரு துருத்தியைக் கட்டி அமுக்கிக் காற்றடிப்பார்கள். ‘இல்லன்’ என்றாலே ஐரிஷ் மொழியில் முழங்கைதான். அதில் ராகம் வாசிக்கும் குழலோடு, நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி, ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மூன்று குழாய்கள் உண்டு. கிறிஸ்டி மூர் அடிக்கும் பவ்ரான், ஆட்டுத்தோல் போர்த்திய வளையம். கஞ்சிராவின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லனியும் இர்வினும் மீட்டுவது பூசூக்கியும் மாண்டலினும். இரண்டிலும் இரட்டை இரட்டையாகத் தந்தி. சுத்தம் செய்கிற மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. சுருதிக் குழாயை அது கரண்ட் இரைச்சல் என்று நினைக்கும். பவ்ரான் அடியையும் பூசூக்கி மீட்டலையும் கீறல் என்று நினைக்கும். எனவே தட்டிலும் பிளேயரிலும் ஒயரிலும் முடிக்கிற வேலையை அங்கேயே முடித்துவிட வேண்டும். கம்ப்யூட்டருக்கு எவ்வளவு குறைவாக மிச்சம் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

தட்டைக் கழுவுவது

முதலில் டியூப் லைட்டுக்குக் கீழே தட்டைச் சாய்த்துப் பாருங்கள். தலைமுடி மாதிரி தெரியும் மேலோட்டமான கோடு பெரும்பாலும் காதில் கேட்காது. நகத்தால் மெல்லத் தடவும்போது தட்டுப்படும் கோடு கட்டாயம் கேட்கும். அதைக் கழுவி எடுக்க முடியாது. வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருந்தால் பூஞ்சை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கார்த்திகை மழையில் ஈரம் ஏறிய சுவரோரம் கிடந்த தட்டில் இது சகஜம், கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு பாட்டிலில் 300 மில்லி டிஸ்டில்ட் வாட்டர், 100 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. கணக்காகச் செலவழித்தால் ஆறு தட்டுக்கு வரும். குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு காய்ந்து, ஊசி ஓடும் பள்ளமான காடியில் படிந்துவிடும், பிறகு ஊசி அதன் மேல்தான் ஓடும். ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக் கடையில் கிடைக்கும் தண்ணீர் பரவாயில்லை. ஆனால் சீல் உடைக்காத கேன் வாங்குங்கள், திறந்து வைத்த கேனிலிருந்து ஊற்றித் தருவதை வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளும் அதே அலமாரியில் இருந்தால், இந்தக் கலவையை அவற்றின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவை அரக்கில் செய்தவை. ஆல்கஹால் பட்டால் கரையும்.

நடுவிலுள்ள லேபிளின் விட்டம் 10 சென்டிமீட்டர். 10.5 அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியை அதன் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டால் லேபிள் நனையாது. பக்கத்துக்கு 30 மில்லி ஊற்றி, மைக்ரோஃபைபர் துணியால் காடி போகும் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே தேய்க்கக் கூடாது. ஒரு நிமிடம் ஊறவிட்டு இன்னொரு சுற்று. பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு முறை அலச வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த அலசலைத்தான். சோப்பு காடியில் தங்கினால் இரண்டு மூன்று தடவை ஓட்டியதும் ஊசி முனையில் சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை கட்டும், ஒலி மங்கிவிடும்.

காய வைக்க, தட்டு கவிழ்க்கும் ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். ஃபேனுக்கு நேராக வேண்டாம், கழுவிய ஈரத்தில் தூசி வந்து ஒட்டும். வெயில் கூடவே கூடாது. மொட்டை மாடியில் அப்பளத்தோடு காய வைத்தால் தட்டும் அப்பளமாகத்தான் வரும். கோடையில் ஒரு மணி நேரம், மழைக்காலத்தில் மூன்று மணி நேரம்.

பிளேயரை எங்கே வைப்பது

வடசென்னைப் பழைய வீடுகளில் சுவருக்குள் பதித்த கடப்பா கல் அலமாரி இருக்கும். அதுதான் நல்ல இடம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போனாலும், தண்டவாளத்தில் கூட்ஸ் போனாலும் தரை அதிரும். தரையில் நிற்கும் மேசையும் கூடவே அதிரும். சுவரில் பதித்த கல்லில் அந்த அதிர்வு பெருமளவு குறையும். கல்லுக்கும் பிளேயருக்கும் நடுவே நாலு மூலையிலும் ரப்பர் துண்டு கொடுங்கள். ஸ்பீக்கரை அதே கல்லில் வைக்காதீர்கள்.

கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டத்தைத் தட்டு சுற்றும் பிளாட்டர் மேல் வைத்து, இரண்டு திசையிலும் மட்டம் பாருங்கள். மட்டம் தவறினால் ஊசி காடியின் ஒரு சுவரை மட்டும் அழுத்தி ஓடும்.

ஊசி எடைக்கு நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஊசிக் கையின் பின்னாலுள்ள எதிர்எடையைத் திருகி, கை அந்தரத்தில் நேராக மிதக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து, ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிஜின் கம்பெனி சொன்ன எடைக்கு ஏற்றுங்கள். ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்றால் 2.0 கிராம், 1.8 முதல் 2.2 வரை இடம் உண்டு. தராசுத் தட்டு எல்பியின் உயரத்தில் இருக்க வேண்டும், உயர்த்தி வைத்தால் கணக்கு தவறும். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தப்பு. குறைந்த எடையில் ஊசி காடிக்குள் குதித்துக் குதித்து ஓடும். அந்தக் குதிதான் சுவரைச் செதுக்கும். சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் மலிவு பிளேயர்களில் பலவற்றில் ஊசி எடை 5 கிராமைத் தாண்டும், குறைக்கவும் வழியிருக்காது. இந்தத் தட்டை அதில் போடாதீர்கள்.

கார்ட்ரிஜ் கோணத்தைச் சரிபார்க்கும் அட்டையை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுப்பவர்கள், ‘ஃபிட் டு பேஜ்’ டிக்கை எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அட்டை மூன்று நாலு சதவீதம் சுருங்கி வரும். அதை நம்பிச் சரிசெய்த கார்ட்ரிஜும் கோணலாகத்தான் நிற்கும். அட்டையில் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரில் ஒரு புள்ளியும் 120.9 மில்லிமீட்டரில் ஒரு புள்ளியும் இருக்கும். ஸ்கேலில் அளந்து பாருங்கள். கோணல் முதலில் காட்டிக்கொடுப்பது ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில். வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் காடி நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. லேபிள் பக்கம் வந்தால் அதில் பாதிக்கும் குறைவு. அதே ஒலி நெருக்கியடித்து எழுதப்பட்டிருப்பதால், கோணல் ஊசி அங்கே ‘ஸ்’ எழுத்துகளைக் கிழிக்கும்.

வேகத்துக்கு ஒரு எளிய சோதனை. தட்டின் ஓரத்தில் வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டி, ஊசி காடியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுற்றுகளை எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். 99தான் வந்தால் வேகம் ஒரு சதவீதம் குறைவு. சுருதி அரை ஸ்வரத்தில் ஆறில் ஒரு பங்கு இறங்கியிருக்கும். பாட்டாகக் கேட்டால் தெரியாது. கூடவே மாண்டலின் எடுத்து வாசித்துப் பழகுபவருக்கு உடனே உறுத்தும். பெல்ட் பிளேயரில் பெரும்பாலும் குற்றவாளி வெயிலில் தளர்ந்த பெல்ட்தான், மாற்றுங்கள்.

சுருதி மெல்ல ஏறி இறங்கி, ஒரு அலை 1.8 நொடிக்கு ஒருமுறை வந்தால் அது மோட்டார் குற்றமல்ல. 33⅓ வேகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம் அது. தட்டு வளைந்திருக்கிறது, அல்லது நடு ஓட்டை மையம் விலகியிருக்கிறது. ஓட்டை லூசாக இருந்தால் தட்டை எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை நகர்த்தி, ஊசிக் கை பக்கவாட்டில் ஆடாத இடத்தைப் பிடிக்கலாம். இறுக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள், அரம் போட்டு ராவ வேண்டாம்.

கரண்ட் இரைச்சல்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது ஒயரில் ஏறினால் 50இல் மட்டும் நிற்காது. 100, 150 என்று அடுக்கடுக்காக வரும். இல்லன் பைப்ஸின் மூன்று சுருதிக் குழாய்களும் டி ஸ்வரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு ஸ்தாயி இறங்கி நிற்கும்: ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் சுருதி சேர்த்தால் சின்னக் குழாய் 293.7, நடுக்குழாய் 146.8, பெரிய குழாய் 73.4 ஹெர்ட்ஸ். நடுக்குழாயின் 146.8க்கும் கரண்டின் 150க்கும் இடைவெளி மூன்றே சொச்சம். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு மூன்று முறை அதிரும் ஒரு நடுக்கம் பிறக்கும். கேட்பவர் ஓஃப்ளின் கை நடுங்கியதாக நினைப்பார். நடுங்குவது உங்கள் வீட்டு எர்த்.

இதை 150இல், அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போட்டு வெட்டலாமே என்று தோன்றும். வெட்டினால் இரைச்சலோடு நடுக்குழாயும் போகும். பைப்ஸ் வயிறு ஒட்டிய மாதிரி ஒலிக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டும் வழக்கமான ‘ஹம்’ ஃபில்டர் பெரிய குழாயை முழுங்கிவிடும். ஒயரிலேயே பிடித்தால்தான் உண்டு.

ஊசியைத் தூக்கி வைத்து, மோட்டாரை ஓடவிட்டு, ஹெட்ஃபோனில் வால்யூமை வழக்கத்தைவிட ஏற்றிக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக:

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். பாதி வீடுகளில் இரைச்சல் இங்கேயே நின்றுவிடும். பதிவு முழுக்க பேட்டரியிலேயே ஓட்டலாம்.

ஃபேன் ரெகுலேட்டர் எலக்ட்ரானிக் வகை என்றால் நடு வேகத்தில் ‘ர்ர்ர்’ என்று ஒரு கரகரப்பு கொடுக்கும். ஃபேனை நிறுத்துங்கள், வேர்க்கும், 20 நிமிடம்தான். டிம்மர் போட்ட விளக்கும் அப்படியே. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு செய்யாதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டரின் இரைச்சலை எந்த ஃபில்டரும் எடுக்காது.

பிளேயரிலிருந்து வரும் தனி எர்த் ஒயர், பிளேயரின் மெல்லிய ஒலியை ஏற்றித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் பெட்டியின் திருகில் இறுகியிருக்கிறதா பாருங்கள். ஊசிக் கையின் உலோகத்தை விரலால் தொட்டதும் இரைச்சல் மாறினால், எர்த் எங்கோ விட்டிருக்கிறது. காசிமேடு, தண்டையார்பேட்டைக் காற்றில் உப்பு அதிகம்; ஒலி ஒயரின் ஆர்சிஏ பின்னும் அந்தத் திருகும் ஒரே வருடத்தில் பச்சை பூக்கும். ஐசோபுரோப்பைல் நனைத்த பட்ஸால் துடைத்து, பின்னைச் செருகி நாலு தடவை இடவலமாகத் திருப்புங்கள்.

கடைசியாகச் சுவர். மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய வாடகை வீடுகளில் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருப்பது உண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்து டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இரைச்சல் போகிறதே என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாட்டு, கண்டிப்பாகக் கூடாது.

பதிவு

ப்ரீஆம்பிலிருந்து யுஎஸ்பி ஆடியோ பெட்டியின் லைன் இன்புட்டுக்குக் கொடுங்கள். மைக் இன்புட்டில் கொடுத்தால் உடைந்துதான் வரும். ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லாமல் நேராகக் கொடுத்தால் அடிஸ்தாயியே இல்லாமல் தகர டப்பாவில் கேட்பது போல இருக்கும். தட்டு வெட்டும்போது குறைத்த அடிஸ்தாயியைத் திரும்ப ஏற்றிக் கொடுப்பது அந்தப் பெட்டிதான். யுஎஸ்பி பிளேயரில் அது உள்ளேயே இருக்கும். இரண்டு ப்ரீஆம்பை அடுத்தடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். 96 வைத்தால் இடம் இரட்டிப்பு, காதுக்கு லாபம் இல்லை. 20 நிமிடப் பக்கம் சுமார் 345 எம்பி வரும். பைப்ஸும் பவ்ரானும் சேர்ந்து உச்சத்துக்கு ஏறும் இடத்தை ஓட்டிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். விண்டோஸில் ஒலியை ‘மேம்படுத்தும்’ வசதிகள் எல்லாவற்றையும் அணையுங்கள். தானாக வால்யூம் ஏற்றி இறக்கும் வசதி இருந்தால், பாட்டு நின்று சுருதி மட்டும் ஒலிக்கும் இடத்தில் அது மூச்சுவாங்கும். வாட்ஸ்அப் ‘டிங்’ சத்தமும் பதிவில் ஏறும்.

ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் எடுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். ஊசி இறங்குவதற்கு முன் ஐந்து நொடி, தூக்கிய பின் ஐந்து நொடி கூடவே இருக்கட்டும்.

துடைப்பதில் கஞ்சத்தனம்

மூலக் கோப்பை அப்படியே தனியாக வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு: இது தட்டின் வளைவு எழுப்பும் ஆட்டத்தை எடுக்கும், பெரிய குழாயைத் தொடாது. அதோடு ஃபில்டர் கதை முடிந்தது.

‘கிளிக் ரிமூவல்’ கருவியை முழுக் கோப்பின் மேல் ஓட்டாதீர்கள். பவ்ரான் குச்சியின் அடி, பூசூக்கித் தந்தியில் மீட்டும் வில்லையான பிளெக்ட்ரம் படும் முதல் கணம் இரண்டும் கூர்மையானவை. கருவி அவற்றின் முனையை மழுக்கிவிடும். கேட்டால் எது குறைந்தது என்று சொல்ல வராது, ஆனால் கால் தாளம் போடாது. கையால் செய்யுங்கள். காதில் பட்ட ஒவ்வொரு கீறலையும் அலைவடிவத்தில் பெரிதாக்கினால் ஒல்லியான ஊசி மாதிரி தனித்து நிற்கும். பவ்ரான் அடி அப்படி இருக்காது: சட்டென்று ஏறி, பின்னால் ஒரு வால் நீண்டு தேயும். வால் இல்லாததை மட்டும் தேர்ந்தெடுத்து ‘ரிப்பேர்’ கொடுங்கள். அந்தக் கருவி ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரைதான் எடுக்கும்; 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிநொடி, கீறலுக்கு தாராளம். நன்றாகக் கழுவிய தட்டில் பக்கத்துக்கு ஒரு மணி நேர வேலை.

‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ தொடாமலிருப்பதே உத்தமம். தொட்டே ஆக வேண்டுமென்றால் 6 டெசிபலுக்கு மேல் போகாமல், ‘ரெசிட்யூ’ என்ற தேர்வைப் போட்டு முன்னோட்டம் கேளுங்கள். கருவி எதைத் தூக்கி எறியப்போகிறதோ அது மட்டும் ஒலிக்கும். வெறும் ‘உஸ்’ என்றால் சரி. அதற்குள் பூசூக்கியின் மெட்டு நிழலாகக் கேட்டால், குப்பையோடு பாட்டையும் கொட்டுகிறீர்கள்.

வெட்டிப் பிரிப்பது

மொத்தம் 12 டிராக். சத்தம் அடங்கும் இடத்தைத் தேடித் தானாக வெட்டும் வசதியை நம்பினால் எண்ணிக்கை உதைக்கும். ஐரிஷ்காரர்கள் இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து ஒரே மூச்சில் வாசிப்பார்கள். முதல் டிராக்கே ஒரு பாட்டில் தொடங்கி, நிற்காமல் பழைய ஹார்ப் மெட்டு ஒன்றுக்குள் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெட்டினால் ஆல்பத்தின் அழகான இடமே போச்சு. சேர்த்தே ஒரு கோப்பாக வையுங்கள். வெட்டும் இடத்தை லேபிளின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து நீங்களே குறியுங்கள்.

ஒலித் தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்தில் சேமியுங்கள். வண்டியில் கேட்க வேண்டுமென்றால் அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். ‘இசையமைப்பாளர்’ கட்டத்தில் எல்லாவற்றுக்கும் குழுவின் பெயரைப் போடுவது பொதுவான தவறு. இரண்டு டிராக்குகளுக்கு உரியவர் டர்லா ஓ கரோலன், 1670 முதல் 1738 வரை வாழ்ந்த பார்வையற்ற ஹார்ப் கலைஞர். இன்னும் பல, யார் கட்டியது என்று தெரியாமல் வாய்வழி வந்தவை, நம்மூர் கானாவில் பாதி மாதிரி. அவற்றுக்கு ‘மரபு’ என்று போடுங்கள். ஐரிஷ் எழுத்தின் மேல் வரும் சாய்கோடு சில கார் ஸ்டீரியோக்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்காகக் கோப்பில் எழுத்தைத் திருத்த வேண்டாம்.

யூடியூபில் ஏற்றாதீர்கள். இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடம் முடிந்து 60 வருடம் உரிமை உண்டு. 1973இல் வந்த தட்டுக்கு அது 2033 டிசம்பர் வரை.

தட்டு மறுபடி அலமாரிக்குப் போகும்போது பழைய காகித உறையில் போடாமல், உள்ளே பாலித்தீன் பூசிய புது உறையில் போட்டுச் செங்குத்தாக நிறுத்துங்கள். சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். ஐப்பசிக்கு முன் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வையுங்கள், தை பிறந்ததும் மாற்றுங்கள். கறுப்பு அட்டையில் விரல் ரேகையும் உரசலும் பளிச்சென்று தெரியும், அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுவிட்டால் நல்லது.